நாலாவது குமிழ்

தொடுதிரைக்கு
நிக்சனின் விரல் தெரியாது.
ஈரம், உப்பு, நண்டு கிழித்த தழும்பு:
கண்ணாடி அதை மழையென்று நினைத்தது.

ஆகவே குமிழ்.
வேப்பங்கட்டை, உள்ளே சின்ன மோட்டார்.
காற்றறிக்கையில் வேகம் ஏற ஏற
கைக்குள் இறுகும்.
மூன்றைத் திருப்பித் தந்துவிட்டான்,
ஒன்றுக்குள் மணலோடு.

நாலாவதை
குருநகர் இறங்குதுறையில்
கண்மூடித் திருகினான்.
“உங்கட காத்து பிழை, அக்கா.
இறுக முதல் ஒருக்கா விடும்,
ஆள் மூச்சு இழுக்கிற மாதிரி.”

அறைக்கு வந்து நிரலைத் திறந்தேன்.
இறுக்கத்துக்கு முன்னால்
கால் நொடி
ஒன்றுமில்லாததை எழுதவேண்டும்.
எழுதினேன். அழித்தேன். அரை நொடி வைத்தேன்.
திருகிப் பார்த்தால்
என் கைக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

ஞாயிறு பூசை முடிய
அவனைப் பிடிக்கவேண்டும்,
உப்புத் தண்ணீரில் கையை நனைக்கச் சொல்லி.