ஒன்பது நாள் பழைய உலகம்

சந்தா முடியப்போகிறதாம்.
இதுவே கடைசி நினைவூட்டல் என்று
நாலாவது தடவையாக எழுதியிருக்கிறார்கள்,
திரு. எஸ். பொம்மி அவர்களுக்கு.
திரு வேண்டாம் என்று
இரண்டு கடிதம் போட்டாயிற்று.

வருடத்துக்கு ஒன்பதாயிரத்து அறுநூறு.
எட்டு மில்லி பச்சைக் காயாகச் சொன்னால்
இன்றைய ஏலத்தில் நாலு கிலோ.
நாலு கிலோ காய்க்கு எத்தனை பேர் குனிய வேண்டும்
என்பது எனக்குத் தெரியும்.
கூலிக் கணக்கு எழுதுவதே நான்தான்,
போடியில், ஏலக்காய் கமிஷன் கடையில்,
பதினாறு வருடமாக.

குவாத்தமாலாவில் தூறினால்
எங்கள் முதலாளி இங்கே குடை தேடுவார்.
உலகம் தெரிந்த பத்திரிகை ஒன்று வரட்டும் என்று
முதல் வருடம் பணம் கட்டியவர் அவர்.
மறுவருடம் நிறுத்தினார்.
நான் கட்டினேன்.

ஐம்பத்தோரு இதழில்
குவாத்தமாலா மூன்று முறை வந்தது.
ஒரு தேர்தல். ஒரு எரிமலை.
ஒரு தடவை வரைபடத்தில், பெயர் மட்டும்.
ஏலக்காய் என்ற சொல்லே கிடையாது.

சவூதியில் சரக்கு தேங்கியதை
சிக்கந்தர் ராவுத்தரின் வாட்ஸப் குரல்
காலை ஆறேகாலுக்கே சொல்லிவிட்டது.
பத்திரிகை வந்து அதைச் சொன்னபோது
விலை விழுந்து, எழுந்து, முகம் கழுவி
மறுபடி ஏலத்தில் உட்கார்ந்திருந்தது.

ஜக்கையன் தபால்பையோடு வருவதற்குள்
போர்நிறுத்தம் அறிவித்து
போர்நிறுத்தம் முறிந்தும் போகிறது.
அட்டையில் சிரிக்கிற பிரதமர்
ராஜினாமா செய்து ஐந்து நாள்.
"யாருக்கா இந்தாளு?"
"போன வாரம் வரைக்கும் பெரிய ஆளு."

கட்டி வைத்தாலும் காசில்லை.
வழவழத் தாள் எண்ணெய் குடிக்காது என்று
வடைக்கடைக்காரர் கட்டோடு திருப்பித் தந்துவிட்டார்.

பிறகு எதற்கு?

கடைசிக்கு முந்தின பக்கத்தில்
பொடி எழுத்தில் ஒரு பெட்டி வரும்:
சென்ற இதழில் மில்லியன் என்று வந்தது
பில்லியன் என்றிருக்க வேண்டும்.
வருந்துகிறோம்.
நான் அதைத்தான் முதலில் படிப்பேன்.
ஒரு சைபர் பிசகினால் என் வேலை போகும்.
மூன்று சைபர் பிசகிவிட்டு
இவ்வளவு நிதானமாக ஒருவர் வருந்துவதை
வேறெங்கே பார்க்க?
அணை உடைந்துவிட்டது என்று
நேற்றிரவு ஊருக்கே அனுப்பிய தங்கை வீட்டுக்காரர்
இன்று காலை ரோஜாப்பூவோடு
குட்மார்னிங் அனுப்பியிருக்கிறார்.

ஒரு இதழில்
கேரளத்தையும் எங்களையும் சேர்த்துத்
'தெற்கு' என்று ஒரே சொல்லில் முடித்திருந்தார்கள்.
அந்தச் சொல்லுக்கு நடுவே
போடிமெட்டில் ஒரு செக்போஸ்ட் இருக்கிறது.
படித்து முடித்த இதழ் அதைத் தாண்டித்தான்
பூப்பாறை அவறாச்சனுக்குப் போகும்.
கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறும்போது
செய்திக்கு இன்னும் நாலு நாள் வயதாகும்.
அவர் விளிம்பில் மலையாளத்தில் கிறுக்கித் திருப்பி அனுப்புவார்.
எனக்கு வாசிக்கத் தெரியாது.
பஸ் கண்டக்டர் வாசித்துக் காட்டுவார்:
ஒரு பக்கத்தில் 'கள்ளம்',
இன்னொன்றில் 'ஆயிரிக்காம்'.
அந்த இரண்டு சொல்லுக்குள்
வாரம் முழுக்க அடங்கிவிடும்.

ஒரு முறை பையைத் துழாவிய போலீஸ்காரர்
ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி
"நம்ம தேனி பத்தி ஏதும் இருக்கா?" என்றாராம்.
இல்லை என்றதும் விட்டுவிட்டார்.

படிவம் மேசையில் கிடக்கிறது.
பாதி தருகிறேன் என்கிறார் அவறாச்சன்,
பணமாக இல்லை, காயாக.
இரண்டு கிலோ.
அதுவும் எட்டு மில்லி இல்லை, ஏழு.
வித்தியாசம் என்ன வரும் என்று
கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

வாசலில் ஜக்கையன்.
இதழ் இல்லை,
ஐந்தாவது கடைசி நினைவூட்டல்.
இந்தத் தடவை திருமதி என்று போட்டிருக்கிறார்கள்.

நான் செல்வி.