தொடக்கத் திசைவேகம்

பகாவ் ஆலையிலிருந்து டவுனுக்கு இறங்கும் சரிவில்
வியாழன் மாலை ஒரு டிராக்டர்
ஆ சூன் கடைச் சுவரில் முட்டி நின்றது.
ஆளுக்கு ஒன்றுமில்லை.
இரண்டு கேஸ் தோங், ஓர் ஐஸ் பெட்டி,
ரோடு முழுக்கச் செம்பனைப் பழம்.

போன் பேசிக்கொண்டே வேகமாக ஓட்டினான்
என்று மானேஜர் ஷுக்ரி மலாயில் எழுதினார்.
"நான் வண்டியிலயே இல்லீங்க" என்றார் ஆரோக்கியநாதன்.
என் ஜன்னலில்தான் நின்றார், சீட்டு வாங்க, என்றேன்.
"அது அதுக்கு முன்னாடி."

நான் தீம்பாங் அறையில் சீட்டு அடிப்பவள்.
இரவில் ஆறாம் படிவத்து இயற்பியல்.
புத்தகத்தில் எப்போதும் ஒரு கார்
ஓய்விலிருந்து புறப்படும்.
யார் கார், எதற்குப் போகிறது, ஒன்றும் இருக்காது.

வெள்ளி காலை டேப்போடு சரிவில் குனிந்து நடந்தேன்.
டிராக்டர் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை.
கறையிலிருந்து விளக்குக் கம்பம் ஒன்பது மீட்டர்.
கறையிலிருந்து சுவர் முப்பத்தாறு.
கடைக் கேமரா கம்பம் வரைதான் பார்க்கும்,
அதற்கு மேலே ஆங்சானா மரம்.
கம்பத்திலிருந்து சுவருக்கு ஆறு விநாடி.

நின்றது தானே நழுவினால், முடுக்கம் சீரானால்,
நான்கு மடங்கு தூரத்துக்கு இரண்டு மடங்கு நேரம்.
அப்படியென்றால் மரத்தின் மறைவிலும் அதே ஆறு.
சுவரில் மோதியது ஆறு நாற்பத்தொன்று, இருபத்தொன்பதாம் விநாடி.
பன்னிரண்டைக் கழித்தேன்: பதினேழு.
என் மெஷின் அவர் சீட்டில் அடித்திருந்த விநாடியும் அதுதான்.

இரண்டு கடிகாரமும் ஒன்றா, என்று கேட்டார் ஷுக்ரி.
நல்ல கேள்வி. பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.
அவர் 'வேகமாக' என்பதை அடித்தார்.
மேலே எழுதினார்: கைபிரேக் போடவில்லை.

"போட்டேம்மா. தேஞ்சு போச்சு. மூணு தடவ சொன்னேனே."

பழுதுப் புத்தகத்தைப் புரட்டினேன்.
மார்ச். மே. ஜூலை.
மூன்றும் என் கையெழுத்து.
எழுதி, மூடி, அலமாரியில் வைத்தவளும் நான்.

விடைத்தாளில் தொடக்கத் திசைவேகம் சுழியம் என்றிருந்தது.
அதை அடிக்கவில்லை, கணக்கு சரிதான்.
ஆனால் அந்த வண்டி மார்ச்சிலேயே நகர ஆரம்பித்திருந்தது.

புத்தகத்தை விரித்தபடி ஷுக்ரியின் மேசையில் வைத்துவிட்டு
ஜன்னலுக்குப் போனேன்.
அடுத்த டிராக்டர் சரிவில் வந்து நின்றது.
கைபிரேக் இழுக்கும் சத்தம் கேட்டது.
கொஞ்சம் பொறுத்து, இன்னொரு முறை.