முன்பதிவுப் படிவம்

எஸ்தோனியா, தார்த்து. நவம்பர்.
நாலு மணிக்கே இருட்டு.
நோட்டீஸில் எழுதியாயிற்று:
சாப்பாட்டோடு மல்லுக்கட்டுகிற மாணவர்கள் வாருங்கள்,
நானும்தான்.
அறை கேட்கும் படிவத்தில் ஏழாவது கேள்வி:
சிற்றுண்டி உண்டா?
திரீனு அங்கேயே இருபது நிமிடம் நின்றாள்.
காலியாக விட்டாள்.

எட்டு நாற்காலி. வந்தது இருவர்.
கெர்லி கோட்டைக் கழற்றவில்லை.
படகுப் போட்டிக்காரன் ராக்னார்
தப்பான அறையோ என்று கதவிலேயே கேட்டான்,
சரியான அறை என்று தெரிந்தே.

ஹீட்டர் மட்டும் முனகியது.
"கேக் வெட்டுகிற நாளெல்லாம் எனக்குக் காய்ச்சல்"
என்றாள் கெர்லி, தரையிடம்.
"எனக்கு வயிற்றுவலி."
ராக்னார் சிரித்துவிட்டான்.
பிறகு,
எந்தப் பொய் யார் வீட்டில் செல்லுபடியானதென்று
கடைசிப் பேருந்துவரை.

அடுத்த புதனுக்கும் அதே படிவம்.
ஏழாவது கேள்வி.
எழுதினாள்:
தெரியாது.
பேசிவிட்டுச் சொல்கிறோம்.