ஒன்பதே முக்கால்

ராயபுரம் முக்கில் இன்றைக்கு வண்டிக்கடை இல்லை.
அரைக்கிலோ, எலும்பில்லாதது.
கட்டிங் மாஸ்டர் கை;
ஒரு துண்டும் அளவு பிசகவில்லை,
எக்ஸ்போர்ட் பீஸ் மாதிரி.

சோளமாவு தீர்ந்திருந்தது. அரிசிமாவைப் பிசறினேன்.
சோயா சாஸ்,
போன மாதப் பார்சலில் மிஞ்சிய இரண்டு பாக்கெட்.
பல்லால் கிழித்ததில்
ஒன்று பனியனுக்குப் போனது.

எண்ணெய் புகைந்ததும்
பூண்டு, பச்சைமிளகாய், குடைமிளகாய்.
மூன்றே நிமிசம்.
அதற்குமேல் வதங்கினால் அது குழம்பின் சொந்தக்காரன்.
மேல்வீட்டு பீகார்ப் பையன்
இரண்டுமுறை இருமினான்.

ஓவர்டைம் முடிந்து
தலையெல்லாம் பஞ்சுத்தூசியோடு வந்தாய், தாரணி.
செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒரு துண்டு.
"உப்புப் போடலீங்ளா?"

சாஸிலேயே இருக்குமென்று நினைத்தேன்.

"செரி, உடுங்க" என்றாய்,
வாணலியை
உன் பக்கம் இழுத்துக்கொண்டே.