பாஸ்

டச்பே கரையில் அது ஒரு மட்டைத் துண்டு.
நேவிக்காரன் கையெழுத்து வைத்தால்
விடிய நாலுக்குக் கடல்.
மழையில் மை கரைந்த நாள்
அருளப்பு மாமா
காய்ந்த வலையோடு திரும்பி வந்தார்.

வீட்டில் அது வேறு.
அனிற்றா கணக்கில் எஸ் எடுத்தாள்,
"பாஸ்தானே" என்றார்கள், அரை மனதாய்.
மைதானத்தில் தம்பி தொண்டை கிழிய அதையே கத்துவான்,
ஒருத்தனும் பந்து தரமாட்டான்.
எங்கள் சுவரைப் பாதியில் விட்டுப் போன
மேசன் பாஸுக்கும் அதே பெயர்.
எப்போது கேட்டாலும் நாளைக்கு என்பார்.

கோட்டை வாசலில் மறித்துக் கேட்பார்கள்.
மான்கள் மட்டும்
ஒன்றும் காட்டாமல் உள்ளே போகும்,
வாழைப்பழத் தோலை மென்றபடி.

பிறகு பெரியாஸ்பத்திரி.
தமிழ் தெரியாத டொக்டர்
என் சிங்களம் போதாதென்று
இங்கிலீசில், மெதுவாக,
"பாஸ்ட்" என்றார்.
அவே என்ற மீதி
காற்றாடி இரைச்சலில் போயிற்று.

தலையாட்டினேன்.
ஒரு கணம்,
சத்தியமாய் ஒரு கணம்,
மாமாவுக்குக் கையெழுத்து விழுந்துவிட்டது
என்றுதான் நினைத்தேன்.

வெளியே வாங்கில் மாமி
அவருடைய சாரத்தை மடித்து வைத்திருந்தாள்,
வீட்டுக்குப் போகையில் உடுக்க.