அரை நொடி

ஆடிக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில்
கார்க் கதவைப் பிடுங்குகிறது.
இறங்குகிறவன் முதலில் கதவைப் பிடிக்க வேண்டும்,
பிறகுதான் கைகுலுக்கல், சாயா எல்லாம்.

ஞாயிறு, ஐந்தே முக்கால்.
முப்பந்தல் இசக்கிக்குச் சில்லறை போட்டுவிட்டு
ஓரம் கட்டிய ஆறு வண்டிகள்.
பானெட்டைக் காற்று அறைந்து மூடிவிடாமல்
முழங்கையால் முட்டுக் கொடுத்தபடி
ரெஜின்ராஜ் ஆரம்பித்தான்:

"இது யாருகிட்டயும் கை நீட்டாது, கேட்டியா.
வெளிய உள்ள காத்து, தானா உள்ள போவும்.
மிதிச்ச எடத்துல வண்டி.
எடையில புரோக்கர் கெடையாது.
ஏழாயிரத்துக்கு மேல ஒரு பாட்டு வரும் பாரு..."

சிவப்பு, இரண்டே சீட்டு, பதினெட்டு வயது.
துபாயில் அவன் தின்னாத பகல்சோறெல்லாம்
அந்த ஆறு சிலிண்டரில் இருக்கிறது.

மாஹீன் தக்கலையில் டயர் கடை வைத்திருக்கிறான்.
"ஒனக்க பாட்டு பல்லவி முடியதுக்குள்ள
நான் தோவாளை தாண்டியிருப்பேன் மக்கா.
வெளிய போற புகைய வச்சே
உள்ள வார காத்தத் திணிக்கான் பாரு,
போன மூச்சு அடுத்த மூச்சக் கூட்டிட்டு வருது.
மூளைன்னா அது."

"திணிச்சா சோறும் செமிக்காது.
அந்த அரை நொடிக்கு என்ன பதில் சொல்லுவ?
மிதிச்சா, யோசிச்சு, பெறவு ஓடுது,
தாலுகா ஆபீஸ் மாதிரி."

சிரிப்பைக் காற்று அள்ளிக்கொண்டு போயிற்று.
காவல்கிணற்றில் யாருக்கோ
பாதி வாதம் கேட்டிருக்கும்.

நான் எந்தக் கட்சி என்றார்கள்.
என்னுடையது டீசல்.
டர்போ உண்டு, மரியாதை கிடையாது.

ஷெர்லின் அதுவரை வாய் திறக்கவில்லை.
ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து
மூக்கின் மேல் மாஸ்க் தடம் மாறாமல் வந்திருந்தாள்.
அவள் வண்டி வெள்ளை, சின்னது, டர்போ.
மாஹீன் ஏதோ நோண்டிக் கொடுத்திருக்கிறான்.
பிளாஸ்க் மூடியில் சாயா.
ஊத வேண்டியிருக்கவில்லை, காற்றே ஆற்றிவிட்டது.

"சொந்த மூச்சு, சொந்த மூச்சுன்னு
மூச்சு உள்ளவங்கதான் பேசுவாங்க.
ராத்திரி பூரா மூணாம் பெட்டுக்கு
குழா வழியா காத்து திணிச்சுக்கிட்டு கெடந்தேன்.
நாலரைக்கு அந்த ஆளு
மெஷினை மிஞ்சி ஒண்ணு இழுத்தாரு.
தானா.
பாட்டுன்னா நான் அதைத்தான் சொல்லுவேன்."

"அப்போ எனக்க கட்சி," என்றான் ரெஜின்ராஜ், மெதுவாக.
"இல்ல.
திணிக்காம இருந்தா நாலரை வந்திருக்காது."

மாஹீனும் கை தட்டவில்லை.

அப்போதுதான் ஜீப் வந்தது, சிவப்புக் கொடியோடு.
பின்னால் காற்றாலை இறக்கை ஏற்றிய லாரி.
முன்சக்கரம் வளைவில் திரும்பிய பிறகும்
வால் இன்னும் போன ஊரில் கிடந்தது.
நாலைந்து பேர் நடந்து நடந்து கல்லெடுத்தார்கள்,
முன்னால் வா, நில், பின்னால் போ,
ஒரு வேப்பங்கிளையை வெட்டினார்கள்.
ரோடு அடைந்தது, இரண்டு பக்கமும்.

அரை நொடிக்கு அடித்துக்கொண்ட நாங்கள்
நாற்பது நிமிடம் நின்றோம்.

எஞ்சின் எல்லாம் அணைந்ததும்
மேலே சுற்றுகிற இறக்கைகள் கேட்டன,
ஒவ்வொன்றும் இறங்கும்போது ஒரு பெருமூச்சு.
ஷெர்லின் தன் சீட்டைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள்,
வாய் லேசாகத் திறந்து.
பாதி திறந்த அவள் கதவைக் காற்று அறையாமல்
ரெஜின்ராஜ் இடுப்பால் தாங்கி நின்றான்.
ஹாரன் அடித்த திருநெல்வேலி பஸ்காரனிடம்
மாஹீன் ஓடிப்போய்
உதட்டில் விரல் வைத்துக் காட்டினான்.

வழி திறந்தது.
யாரும் சாவியைத் திருகவில்லை.
சிவப்பும் வெள்ளையும் அசையாமல் இருக்க
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்:
குறுக்கே நின்றது என் டீசல்தான்.
எழுப்பப்போகிறதே என்று
பல்லைக் கடித்துக்கொண்டு திருகினேன்.