வலை எண் நான்கு

புடோங்கோ காட்டில் விடிந்தும் விடியாத நேரம்.
நான்காம் வலையின் கீழ்மடிப்பில்
ஒரு சருகு மூச்சு விடுகிறது.

காஹ்வா மண்டியிட்டு
நகம் நகமாய் நூலிலிருந்து கழற்றுகிறான்.
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
துணிப்பையை விரித்துப் பிடிக்கிறாள் கபகெனி.

இருபத்தேழு கிராம், பை போக.
இறக்கை எழுபத்திரண்டு மில்லிமீட்டர்.
நிறம்?
மண்.
எந்த மண் என்பதில்தான் வழக்கு.

இல்லடாப்சிஸ், அதுவரை உறுதி.
தமிழ்க் காதுக்கு அந்தப் பேர்
பாதியிலேயே மறுத்துவிடுகிறது:
இல்லடா.
இந்தக் குடும்பத்தில் நாலைந்து பேர்.
எல்லோருக்கும் ஒரே தையற்காரன்,
ஒரே துணிச்சுருள்.

"தொண்டை வெள்ளை."
"டார்ச் வெளிச்சம் அது, அணைத்துப் பார்ப்போம்."
அணைத்தார்கள்.
தொண்டையே இல்லை.
"கால் வெளிறிய சிவப்பு."
"உன் விரலைப் பார்த்துச் சொல்கிறாய்."
புத்தகத்தை விரித்தால்
இவனுடைய பறவையின் பக்கமும் அவளுடைய பறவையின் பக்கமும்
மழை ஈரத்தில் ஒட்டிக்கிடக்கின்றன.
மெல்லப் பிரித்தார்கள்.
ஐயமிருந்தால் குரலைக் கேளுங்கள் என்கிறது கடைசி வரி.

கையில் இருக்கும்வரை அது பாடாது.

ஞோரோ ஊர்களில்
எம்பாக்கோ கேட்காமல் முகமன் இல்லை.
அகீக்கி, அபுவோலி, அத்தேனி, அமூத்தி...
பத்துப் பன்னிரண்டு செல்லப்பேருக்குள்
சந்தையே அடங்கிவிடும்,
கடன்காரனும் கடன் கொடுத்தவனும் உட்பட.
கபகெனி குனிகிறாள்,
பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்பதுபோல:
"உங்கள் எம்பாக்கோ என்ன?"

பதிவேட்டின் மேல் எச்சமிட்டது அது.

காஹ்வா குச்சியால் கிளறினான்.
எறும்புத் தலைகள் ஏழு,
வண்டின் முதுகோட்டில் ஒரு சில்லு.
"இதை முதலில் எழுது. இதிலாவது சண்டையில்லை."

காலில் வளையம் பூட்டி
உள்ளங்கையைத் திறந்தான்.
பறக்கவில்லை.
இறங்கி, வாடகை பாக்கி வைத்தவர் சந்து திரும்புவதுபோல்
நடந்தே போனது.
இரண்டு எட்டு தெரிந்தது.
மூன்றாவதை எடுத்து வைத்தது சருகா, பறவையா?

பிறகு புதருக்குள்ளிருந்து
ஒரு சீழ்க்கை. தாழ்வாய் இன்னொன்று.
"கேட்டாயா, என்னுடையது!"
"அதன் வாயிலிருந்துதான் வந்ததென்று யார் பார்த்தது?"

பேர்க் கட்டத்தில் பென்சிலால்
அபுவோலி என்று எழுதினாள் கபகெனி.
சிரித்தாள். அழித்தாள்.
அழித்த இடத்தில் தாள் மயிர்விட்டு நின்றது.

காஹ்வா திடீரென்று துள்ளுகிறான்.
பூட்ஸுக்குள் படையெறும்பு.
எந்தச் சாதி எறும்பென்று அவன் பார்க்கவில்லை.